தும்மலுக்கு ஒரு பிரேக்

மாஸ்டரம்மாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களை ஊருக்குள் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் போதும், டேங்க் தளும்பத் தளும்ப இருந்தாலும் அவர்களுடைய இடது இண்டிகேட்டர் மினுக்க ஆரம்பித்துவிடும். சிலர் உள்ளேயே போய், ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு நிறுத்தினோம் என்று பிறகுதான் யோசிப்பார்கள். நல்ல மாஸ்டர்கள் எதையும் காரணமில்லாமல் சொல்லித்தர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், மறுபடி கிளம்பிப் போவார்கள்.

காரணம் இருந்தது. பங்க்கில் கழிப்பறை இருந்தது.

மாஸ்டரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள். ஊரின் கழிப்பறைகள் அவளுக்கு அத்துப்படி. எது பூட்டியிருக்கும், எதன் சாவி யாரிடம், எதில் தாழ்ப்பாள் விழாது, எதற்குள் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவளுடைய பாடத்திட்டம் மொத்தமும் இந்தப் புள்ளிகளை இணைத்து வரைந்ததுதான். ரிவர்ஸ் பார்க்கிங் என்றால் நூலகத்தின் பின்புறம். மேட்டில் வண்டியை எடுப்பது என்றால் சினிமாக் கொட்டகைச் சரிவு. நெரிசலில் ஓட்டிப் பழக ஆஸ்பத்திரி வாசல். ஒவ்வொரு இடத்திலும் "ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடுறேன், நீங்க கண்ணாடியெல்லாம் சரி பண்ணிட்டு இருங்க" என்று, கையில் கொஞ்சம் சில்லறையோடு இறங்கிப் போவாள். அவளிடம் படித்தவர்கள் கண்ணாடி சரிசெய்வதில் கெட்டிக்காரர்கள்.

இத்தோடு போயிருந்தால் ஒன்றுமில்லை, காலம் தள்ளியிருப்பாள். பிரச்சினை தும்மலில் வந்தது.

ஓட்டுநர் பள்ளிக் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தவறினால் அந்தப் பிரேக்கைக் கொண்டுதான் அவள் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் தும்மல் வந்தால் மாஸ்டரம்மாவின் கால்கள் இரண்டும் அவளைக் கேட்காமலே கத்திரிக்கோல் மாதிரி குறுக்கே போய்ப் பின்னிக்கொள்ளும். சிரிப்பு வந்தாலும் அப்படியே. இருமினாலும் அப்படியே. கால் குறுக்கே போனால் பிரேக்குக்கு ஆளில்லை. அந்த நேரத்துக்குக் கார் முழுக்க முழுக்க மாணவர் கையில்.

அப்படி ஒரு தும்மலின்போதுதான், தையற்கடைக்காரர் ஒருவர் கிளட்சுக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்து, நர்சரித் தோட்டத்தின் வேலியைப் பிரித்துக்கொண்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவே போய் நின்றார். யாருக்கும் அடியில்லை. தையற்கடைக்காரர் தன் தவறு என்று நினைத்து அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னிய காலைப் பிரிக்காமல், "பரவால்ல, முதல் தடவை எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவள் சொன்னாள். முட்செடிகளுக்குப் பதில் அந்த இடத்தில் யாராவது நின்றிருந்தால் என்ற நினைப்பு அன்றைக்கு அவளைச் சாப்பிட விடவில்லை.

அதன்பிறகு எடுத்த முடிவுதான்: கையில் இருக்கிற மாணவர்களை முடித்துவிட்டுப் பள்ளியை மூடிவிடுவது, காரை விற்றுவிடுவது.

காரணம் கேட்டவர்களுக்கு முட்டிவலி என்று சொன்னாள். முட்டிவலி மரியாதையான வலி. எந்தக் கூடத்திலும் உட்கார்ந்து, எந்த விருந்தாளி முன்னாலும் பேசலாம். கேட்டவர்கள் அவரவர் முட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மேற்கொண்டு தோண்டமாட்டார்கள்.

தோண்டாமல் நம்பிவிட்டவர் அவளுடைய வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசாதவர். காரைத் துடைப்பது, டயருக்குக் காற்று பார்ப்பது, பள்ளிக்கு வரும் ஃபோனை எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முட்டி என்று கேட்ட நாளிலிருந்து தினமும் சாயங்காலம் எண்ணெயைச் சூடாக்கி, தரையில் உட்கார்ந்து, அவள் முட்டியைத் தேய்த்துவிட்டார். ஒரு குறையும் இல்லாத முட்டி. மாஸ்டரம்மா நாற்காலியில் சாய்ந்து, அவ்வப்போது "ஆமா, அங்கதான்" என்று சொல்லிவைப்பாள். அப்போதெல்லாம் அவள் மனசாட்சிதான் வலிக்கும். அதற்கு எண்ணெய் கிடைக்கவில்லை.

கடைசி மாணவியாக மிஞ்சியவள் நாத்தனார்.

வீட்டுக்காரரின் தங்கை. மாஸ்டரம்மாவை விட இரண்டு மூன்று வயது சின்னவள். அழகு நிலையம் வைத்திருந்தாள். வாய்க்கு மட்டும் விடுமுறை கிடையாது. முடிவெட்ட வருகிறவர்கள் தலையைக் கொடுத்துவிட்டுக் காதையும் கொடுத்தாக வேண்டும். இவ்வளவு வருடம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தவள், அண்ணி பள்ளியை மூடப்போகிறாள் என்றதும் "அதெப்படி, குடும்பத்துல ஒரு மாஸ்டர் இருந்தும் நான் கத்துக்காமப் போறதா" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் லைசென்ஸ் தேர்வுக்குப் போன நாளன்று மாஸ்டரம்மா மைதானத்து ஓரம் மரத்தடியில் நின்றாள். கார் கிளம்பிப் போனது. திரும்பி வந்தபோது ஓட்டிக்கொண்டு வந்தவர் தேர்வு அதிகாரி. நாத்தனார் பக்கத்து இருக்கையில், பால் கொட்டிய பூனை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை அதிகாரியே சொன்னார். நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். பெட்ரோல் பங்க் வந்ததும் அழகாக இண்டிகேட்டர் போட்டு, உள்ளே போய், நிறுத்தினார்களாம். "எதுக்கும்மா நிறுத்தினீங்கன்னு கேட்டேன். 'நீங்க போயிட்டு வாங்க சார், நான் கண்ணாடி சரி பண்ணிட்டு இருக்கேன்'ங்கறாங்க."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாஸ்டரம்மா, தப்பா நினைக்காதீங்க," என்றார் அதிகாரி. "ஒருத்தர் ரெண்டு பேர் செஞ்சா அவங்க பழக்கம்னு விட்டுடலாம். உங்ககிட்டேர்ந்து வர்ற எல்லாருமே செய்யறாங்க. போன மாசம் ஒருத்தர் எனக்குச் சில்லறை வேணுமான்னு வேற கேட்டார்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாத்தனார்தான் ஓட்டினாள். நூலகத்தைத் தாண்டும் வரை பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை அது உண்ணாவிரதத்துக்குச் சமம். பிறகு காரை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்க பங்க்குல இறங்கி யாரைப் பாக்கப் போறீங்க?"

"யாரைப் பாக்க? ஃபோன் பேசத்தான்."

"ஃபோனைக் கார்லயே வச்சிட்டுப் போய் ஃபோன் பேசுவீங்களா? நான் எத்தனை தடவை எடுத்து உங்க பையில போட்டிருக்கேன் தெரியுமா?"

மாஸ்டரம்மா மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்லிடுறேன் அண்ணி, என் கடையில ஒரு பேச்சு ஓடுது. பங்க்குல காத்தடிக்கிற அந்த ஆளுக்கும் உங்களுக்கும் ஏதோ இருக்காம். நான் நம்பல. அந்தாளு சக்கரத்தைப் பாக்கிற பார்வையில கால்வாசி கூட உங்களைப் பாக்கல, நானே கவனிச்சேன்."

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காற்றடிக்கும் மனிதரின் தொப்பையும், காதில் செருகிய பேனாவும், கழிப்பறைச் சாவியை அவர் ஒரு தாம்பூலம் மாதிரி நீட்டுகிற பணிவும் கண்முன் வந்து, அடக்க அடக்கச் சிரிப்பு பீறிட்டது. அடுத்த கணம் கால்கள் இரண்டும் பின்னிக்கொண்டன. இரண்டு கையும் இருக்கையின் விளிம்பைப் பற்றின. முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், கண்ணில் மட்டும் வேறு ஏதோ வந்தது.

நாத்தனார் வாய்தான் ஓயாதது, கண் மந்தமில்லை. அண்ணியின் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ரோஜாத் தோட்டத்துக்கு முன்னாடியே. மாதவிலக்கு நின்ன அடுத்த வருஷத்துலேர்ந்து." மாஸ்டரம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தும்மினா வருது. சிரிச்சா வருது. அங்க எப்பவும் ஒரு எரிச்சல் வேற. உங்க அண்ணன்கிட்ட எல்லாத்துக்கும் முட்டின்னு சொல்லிட்டேன்."

"முட்டிக்கு இதெல்லாம் தெரியுமா, பாவம்."

"சிரிக்க வைக்காதடி, தயவுசெஞ்சு."

"எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் நான் பேசும்போது நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுப்பாங்க. என் ஜோக் அவ்வளவு நல்லா இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்." நாத்தனார் எஞ்சினைக் கிளப்பினாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நான் கூட வரேன். வரலேன்னா அண்ணன்கிட்ட அந்தக் காத்தடிக்கிற ஆள் கதையைச் சொல்லிடுவேன்."

மகளிர் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் மாஸ்டரம்மா திரும்பி வெளியே போகப் பார்த்தாள். நாத்தனார் பின்னால் நின்று வழியை அடைத்துக்கொண்டதால் முடியவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், சில வருடங்களுக்கு முன் அவளிடம் படித்த பெண். கிளட்சை விடவே தெரியாதவள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறவள். ஒரு மழைநாளில் நூலகத்தின் வாசற்படியில் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தியவள். "நீ என்ன வேலைம்மா பாக்கிறே?" என்று அன்றைக்குக் கேட்டதற்கு, "டாக்டருக்குப் படிக்கிறேன்" என்றாள். "நல்லவேளை, டிரைவர் வேலைக்குப் போகல" என்று மாஸ்டரம்மா சொல்லியிருந்தாள்.

"மாஸ்டரம்மா, வாங்க வாங்க," என்று டாக்டர் எழுந்து நின்றார்.

அவரை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்ற சிக்கலிலேயே மாஸ்டரம்மாவுக்குப் பாதி நேரம் போனது. "நல்லா இருக்கியா... இருக்கீங்களா டாக்டர்" என்று ஆரம்பித்து, வினைச்சொல்லே இல்லாமல் பேச முயன்றாள்.

"என்ன பிரச்சினை?"

"எரிச்சல்."

"எங்க?"

"கீழ."

"கீழன்னா?"

மாஸ்டரம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில் எல்லாம் வண்ணம் வண்ணமாக, அம்புக்குறி போட்டு இருந்தது. "கியர்பாக்ஸ் பக்கம்," என்றாள்.

டாக்டர் சிரிக்காமல், யோனி என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொன்னார், சளி இருமல் என்று சொல்வது போல. நாத்தனார் மின்விசிறியைக் கவனமாக ஆராய்ந்தாள். அதன்பிறகு பேச்சு சுலபமாயிற்று. ஒருமுறை சொல்லிவிட்டால் அதுவும் முட்டி மாதிரி ஒரு சொல்தான்.

மாஸ்டரம்மா கழிப்பறைப் பயணங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப அந்தப் பெட்ரோல் பங்க்கெல்லாம்?"

"ஆமா."

"இன்னிக்கும் பங்க்கைப் பாத்தா என் கை இண்டிகேட்டருக்குத்தான் போகுது. உங்க ஸ்டைல்னு நினைச்சிட்டிருந்தேன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதையே படிச்சிட்டு, அத்தனை நாள் உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கண்ணாடி சரி பண்ணிட்டு."

பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் விளக்கினார். இரண்டு தொந்தரவு. மாதவிலக்கு நின்றபிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டு போயிருக்கிறது, எரிச்சல் அதனால். இன்னொன்று, சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய பகுதி தளர்ந்திருக்கிறது. தும்மினால் வருவது அதனால். "முதல்ல உள்ள தடவுற ஹார்மோன் கிரீம். கூடவே இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி, அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்க. சில மாசம் பாப்போம். அதுக்கும் நிக்கலேன்னா ஊசி இருக்கு. கத்தி கிடையாது."

ஊசி என்றதும் நாத்தனாருக்கு உயிர் வந்தது. ஃபோனை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். "டாக்டர், இதானே? நம்ம ரத்தத்தையே எடுத்து நமக்கே போடுறாங்களாம். இளமை ஊசியாம். பேரே நல்லா இருக்கு."

"பேர் நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலை செய்யுதுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இன்னும் பத்தாது. வறட்சிக்கு ஹையலுரானிக் ஆசிட்னு ஒரு ஊசியும் சிலர் போடுறாங்க, அதுவும் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"அது எங்க லைன்ல உதட்டுக்குப் போடுறதாச்சே."

"அதே குடும்பம். வேற வீடு." டாக்டர் மாஸ்டரம்மா பக்கம் திரும்பினார். "வறட்சிக்கு உங்களுக்குக் கிரீமே போதும். கசிவுக்கு நான் சொல்றது வேற ஊசி. வீட்டுக் குழாய்ல வாஷர் தேஞ்சா சொட்டும்ல? அந்த மாதிரி, சிறுநீர்க் குழாயோட உட்சுவத்துல கொஞ்சம் ஜெல் வச்சு மொத்தமாக்குவோம். வாய் சரியா மூடிக்கும். எல்லாருக்கும் முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன். நிறைய பேருக்குக் குறையுது. சில வருஷம் கழிச்சுத் திரும்பப் போட வேண்டியும் வரலாம்."

"போட்டா நான் திரும்ப வண்டியில உக்காந்து சொல்லிக்கொடுக்கலாமா?" என்றாள் மாஸ்டரம்மா. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"உக்காந்து பாத்தாதான் தெரியும் மாஸ்டரம்மா."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தபோது, மாஸ்டரம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, முட்டி நல்லா இருக்கு."

"தேய்ச்சதுல சரியாயிடுச்சா?"

"எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கையில் இருந்த எண்ணெயைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதனாலதான் தள்ளிப் படுத்தியா?"

"எரியும்ங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முட்டின்னு சொல்லிட்டேன்."

"நான் என் குறட்டைதான் காரணம்னு நினைச்சேன்," என்றார் அவர். கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "மூக்குக்கு ஒரு கிளிப் கூட வாங்கி வச்சேன். போட்டா மூச்சு முட்டுது. அதான் ராத்திரியில எழுந்து எழுந்து உக்காந்திருந்தேன்."

அவர் பாத்ரூமுக்குப் போவதாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரே கட்டிலில் இரண்டு பேர் இரண்டு பொய்யோடு படுத்திருந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம், ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யக்கூடாது என்று.

"இன்னொரு முட்டியைக் காட்டு," என்றார் அவர். "எண்ணெய் சூடாக்கியாச்சு, வீணாப் போகுது."

கிரீமும் பயிற்சியும் சில மாதம் நடந்தன. எரிச்சல் அடங்கியது; கட்டிலில் இருந்த இடைவெளியும். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் "லிஃப்ட்டை மேல தூக்குற மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சொல்ல, மாஸ்டரம்மா பாத்திரம் கழுவும்போதும் பல் தேய்க்கும்போதும் லிஃப்ட்டைத் தூக்கினாள். கசிவு பாதியாயிற்று. ஆனால் பாதி போதாது. தும்மல் வந்தால் கால் இன்னும் கத்திரிக்கோல்தான். நாத்தனாரை வேறு ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவளுக்குப் பங்க்கை மறக்கடிப்பதே பெரிய வேலையாயிருந்ததாம். மாஸ்டரம்மாவின் கார் கொட்டகையில் உறை போட்டு நின்றது. விற்பனைக்கு என்று எழுதி ஒட்டியதை அவள் கிழிக்கவில்லை. "சரியாகலேன்னா?" என்றாள் வீட்டுக்காரரிடம். "பிரேக்கில்லாத மாஸ்டர் எதுக்கு?"

ஊசி போடும் நாள் வந்தது. படுக்கையில் மல்லாந்து, காலை இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு, மாஸ்டரம்மா டாக்டரின் கையையே பார்த்தாள். ரிவர்ஸில் கண்ணை மூடிக்கொள்கிறவளின் கை. நூலக வாசற்படியில் ஏற்றியவளின் கை.

"டாக்டர், கண்ணைத் திறந்து வச்சுக்கோ... வச்சுக்கோங்க."

"திறந்துதான் மாஸ்டரம்மா இருக்கு. கேமரா வேற இருக்கு." கையில் மெல்லிய குழாய் ஒன்று இருந்தது, நுனியில் விளக்கோடு. "மரத்துப் போக மருந்து வச்சாச்சு. லேசா ஒரு குத்து தெரியும். மூச்சை விடுங்க. தோளை இறக்குங்க. பிரேக்கை மிதிக்காதீங்க."

"நான் எங்க மிதிக்கிறேன்?"

"தொடை ரெண்டும் மிதிக்குது. விடுங்க, மெதுவா. கிளட்ச் விடுற மாதிரி. தூரமாப் பாருங்க."

இதெல்லாம் அவளுடைய வசனங்கள். ஒரு காலத்தில் இந்தப் பெண்ணிடம் நாள் முழுக்கச் சொன்னவை. எதிரே இருந்தது ஒரு கூரை, அதில் ஒரு ஈரக்கறை.

"எதைத் தூரமாப் பாக்கிறது? சீலிங்தான் இருக்கு."

"அப்ப சீலிங்கையே தூரமாப் பாருங்க."

பார்த்தாள். ஒரு குத்து, ஓர் அழுத்தம், இன்னொரு குத்து. ஒரு கப் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கிளட்ச் ஒருமுறைகூடத் துள்ளவில்லை.

"உனக்கு ஓட்ட வந்துடுச்சு," என்றாள் மாஸ்டரம்மா, மரியாதையை மறந்து.

ஒரு வேலைதான் பாக்கி. வீட்டுக்குப் போகுமுன் சிறுநீர் கழித்துக் காட்ட வேண்டும். வழி அடைத்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்ய. இத்தனை வருடமாக வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது, வா என்றதும் வரவில்லை. மாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவும் அவளுக்குப் பழக்கமானதுதான்.

வெளியே நாத்தனார். "வந்துச்சா அண்ணி?"

"நீ பேசாம இருந்தா வரும்."

"நான் குழாயைத் திறந்து விடுறேன், சத்தம் கேட்டா வரும்." குழாய் கொட்டியது. "ஸ்ஸ்ஸ்."

"பச்சைக்குழந்தையாடி நான்?"

"ஸ்ஸ்ஸ்."

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, அந்தச் சத்தம் தாங்காமல், "எனக்கு வந்துடும்போல இருக்கு, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று கெஞ்சினாள். உள்ளே மாஸ்டரம்மா சிரித்தாள். சிரித்தபடியே வேலை நடந்தது.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் எல்லாரும் அவளைத் தும்மவைக்கக் காத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நாத்தனார் ஃபோனில் ஜோக் சொன்னாள். வீட்டுக்காரர் அலமாரித் தூசியை அவள் முன்னால் தட்டினார். கசிவு இல்லை, பெரிய இருமல் ஒன்றுக்கு மட்டும் லேசாக. ஆனால் கால்கள்? அவை இன்னும் பழைய பயத்திலேயே இருந்தன. கசிவு நின்றுவிட்டது என்று கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. தும்மினால் சோபாவில்கூட அவை பின்னிக்கொண்டன. அதைப் பார்க்கும்போதெல்லாம் ரோஜாச் செடிகள் ஞாபகத்துக்கு வந்தன. கொட்டகைப் பக்கம் போகாமல் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காரை வாங்க வந்தார். நல்ல உடுப்பு, மேலெல்லாம் சென்ட். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

"லைசென்ஸ் இருக்கா?" என்றாள் மாஸ்டரம்மா.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்ததுங்க. வண்டிதான் அமையல."

அவர் ஏறி உட்கார்ந்தார். இவள் பக்கத்தில் ஏறினாள், வாங்க வந்தவருக்கு வண்டியைக் காட்டுகிறவளாக, அவ்வளவுதான். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். கார் துள்ளிக்கொண்டே தெருவுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டீயரிங்கை, கை நழுவினால் உடைந்துவிடும் பீங்கான் போலப் பிடித்திருந்தார். மூடிய கார், மல்லிகையும் சந்தனமும் இன்னும் என்னென்னவோ கலந்த அந்த சென்ட். மாஸ்டரம்மாவின் மூக்கு அரிக்க ஆரம்பித்தது.

தெருக் கோடியில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது.

"மெதுவா," என்றாள்.

"மெதுவாத்தாங்க," என்றார் அவர், ஆக்சிலேட்டரை அழுத்தியபடி.

தும்மல் வந்தது. சும்மா வரவில்லை, தலையைப் பின்னால் இழுத்து முன்னால் எறிகிற தும்மல். கண் மூடித் திறப்பதற்குள், வேனின் பின்கதவு காரின் முன்கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. கார் நின்றிருந்தது. இடைவெளியில் ஒரு செய்தித்தாளை நுழைக்கலாம், மடிக்காமல்.

மாஸ்டரம்மா குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. முழுவதுமாக, குதிகால் வரை, தரையோடு தரையாக. இடது கால் அதன் பாட்டுக்குத் தன் இடத்தில் இருந்தது. எதுவும் எதையும் பின்னிக்கொள்ளவில்லை. கால்களுக்கு வேறு முக்கியமான வேலை இருந்திருக்கிறது.

வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். யாரும் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரேக் நல்லா இருக்குங்க," என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "எனக்குப் பிடிச்சிருக்கு. எடுத்துக்கிறேன்."

"நீங்க எங்க பிரேக் போட்டீங்க?"

"நான் போடலியா?"

"நீங்க கண்ணை மூடிட்டிருந்தீங்க." மாஸ்டரம்மா மறுபடி குனிந்து பிரேக்கைப் பார்த்துக்கொண்டாள். காலை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள். "வண்டி விக்கிறதுக்கில்லங்க."

"கொட்டகையில எழுதி ஒட்டியிருக்கே?"

"கிழிச்சுடுறேன்."

"அப்ப எதுக்குங்க என்னை ஓட்டிப் பாக்க விட்டீங்க?"

"காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி வாங்க," என்றாள். "கிளட்சுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"என்கிட்ட லைசென்ஸ் இருக்குங்க," என்றார் அவர், அடிபட்ட குரலில்.

"இருக்கட்டும். பத்திரமா வச்சுக்கோங்க. இப்ப நியூட்ரல் பண்ணி, சாவியைத் திருப்புங்க பாக்கலாம்."

அவர் நியூட்ரலை மறந்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் ஒரு தவளை மாதிரி எகிறப் பார்த்தது. மாஸ்டரம்மாவின் பிரேக் அதைப் பிடித்து உட்காரவைத்தது. எஞ்சின் செத்தது. கடைக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு, போலீஸில் சரணடைகிறவர் போல அவளைப் பார்த்தார்.

மாஸ்டரம்மா சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவர் முதலில் கோபப்பட்டுப் பார்த்தார். பிறகு முடியாமல் அவரும் சிரித்தார். வேன் கிளம்பிப் போய்விட்டது. முன்னால் தெரு காலியாகக் கிடந்தது.

"சரி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தோளை இறக்குங்க. மூச்சை விடுங்க. தெரு முனை வரைக்கும் போகலாம், அதுக்கப்புறம் எங்க போறதுன்னு பாப்போம்."